ஏழு மீற்றர் கேபிள் சேர்த்தால் பவர் கூடுமா?

ஹாம் றேடியோ ஆக்களிட்டை ஒரு கைவைத்தியம் இருக்கு. அன்ரெனாவைக் கட்டி, கேபிளை இழுத்து, றேடியோவில் பூட்டி, மைக்கை அமத்திப் பார்க்கும்போது வாட் மீற்றரின் முள்ளு எதிர்பார்த்த இடத்துக்கு வராவிட்டால், "கேபிளை ஒரு ரெண்டு மூண்டு மீற்றர் கூட்டிப் பார், இல்லாட்டி வெட்டிப் பார்" என்பார்கள். பல நேரம் அது பலிக்கும். முள்ளு ஏறும். தேத்தண்ணி வரும். விஷயம் முடிந்தது.

பலிக்காவிட்டால் ஒருவரும் ஏமாறப் போவதில்லை. பலிக்கிறபடியால்தான் ஏமாறுகிறோம். திருகோணமலை மாதிரிக் கடலோர ஊரில் இருக்கிற எங்களுக்கு இந்த ஏமாற்றத்தின் விலை கொஞ்சம் கூட என்பதுதான் என் வாதம்.

(நீளத்தை அளக்கிறதும் மீற்றர், பவரை அளக்கிற பெட்டியும் மீற்றர். குழப்பம் வராமல் இருக்க, பெட்டியை இனி முள்ளு என்றே சொல்கிறேன். டிஜிட்டல் பெட்டியில் முள்ளு எங்க இருக்கு எண்டு கேக்காதேங்கோ.)

இந்த வலைப்பூவில் சினிமாவும் புத்தகமும் வாசிக்க வாறவைக்கு முதலில் ஒரு வரி. ஹாம் என்பவர்கள் தொழிலுக்காக இல்லாமல், ஆசைக்காகப் பரீட்சை எழுதி உரிமம் எடுத்து, சொந்த ட்ரான்ஸ்மிற்றர் வைத்து உலகத்தோடு கதைக்கிற ஆக்கள். இங்கே உரிமம் கொடுப்பது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. எங்கட நாட்டு அழைப்புக் குறிகள் பெரும்பாலும் 4எஸ்7 என்று தொடங்கும். றேடியோவில் இருந்து அன்ரெனா வரைக்கும் போகிற கேபிளுக்கு ஃபீட்லைன் என்று பெயர். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேபிளைப் பற்றித்தான்.

திருகோணமலையில் ட்ரான்ஸ்மிற்றர்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. 1957 வரைக்கும் பிரிட்டிஷ் கடற்படையின் தளம் இது. 1980களில் இருந்து 2013 வரை ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல நகருக்கு வடக்கே ஒரு அஞ்சல் நிலையத்தை நடத்தியது. மத்திய அலையில் 400 கிலோவாட், சிற்றலையில் 250 கிலோவாட் என்று வீட்டு றேடியோக்காரன் கனவிலும் காணாத அளவுகள். பிறகு அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கைமாறியது. ஆனால் இதெல்லாம் மற்றவர்களின் குரல்கள். ஊர்ச்சனம் கேட்கிற பக்கத்தில்தான் இருந்தது. யுத்த காலத்தில் கூரையில் ஒரு கம்பி கூடுதலாக நிண்டாலே கேள்வி வரும் என்று பயந்து வளர்ந்த வீடுகள் எங்களுடையவை. அதனால் இப்போது ஒரு இருபது வயதுப் பெடியனோ பெட்டையோ உரிமம் எடுத்து உவர்மலை வீட்டுக் கூரையில் அன்ரெனா கட்டுவது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. அந்தக் கம்பி உண்மையாகவே வேலை செய்யவேண்டும் என்ற அக்கறையில்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வேலை செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2004 டிசம்பர் 26 போதும். சுனாமியில் இந்த மாவட்டத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சனம் செத்தது. கிண்ணியா வைத்தியசாலையைக் கடல் கொண்டு போனது. தொலைபேசி செத்த இடங்களில் ஹாம் ஆக்கள்தான் செய்தி கடத்தினார்கள். அம்பாந்தோட்டைக்குச் சிற்றலை றேடியோவோடு போன இலங்கை வானொலிச் சங்கத்து ஆக்கள் கொழும்போடு தொடர்பை ஏற்படுத்தினார்கள். எங்களுக்குக் கிழக்கே, வங்காள விரிகுடாவுக்கு அந்தப் பக்கம், போர்ட் பிளேயரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு இந்தியக் குழு ஏற்கெனவே அன்ரெனா கட்டி உலகத்தோடு கதைத்துக்கொண்டு இருந்தது. பொழுதுபோக்குக்காகப் போனவர்கள், சுனாமிக்குப் பிறகு அந்தமானின் செய்தியே அவர்களுடைய கம்பி வழியாக வெளியில் போனது. போர்ட் பிளேயர் இங்கேயிருந்து சுமார் 1300 கிலோமீற்றர். சிற்றலைக்கு அது ஒரு தூரமே இல்லை. கம்பியும் கேபிளும் ஒழுங்காக இருந்தால்.

சரி, கேபிளுக்குள் என்ன நடக்குது?

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த எல்லோருக்கும் இது தெரியும். தெரியும் என்பதுதான் தெரியாது. பரிவுக் குழாயில் இசைக்கவையைப் பிடித்துக்கொண்டு தண்ணி மட்டத்தை இறக்கினோமே, ஒரு நீளத்தில் சத்தம் திடீரென்று கூடுமே, அதே கதைதான். போகிற அலையும் முட்டித் திரும்புகிற அலையும் சேர்ந்து நிலையான அலை. கணு, முரண்கணு. அரை அலைநீளத்துக்கு ஒருக்கா அதே கோலம் திரும்ப வரும். பாஸ்ட் பேப்பரில் நூறு தரம் போட்ட கணக்கு, கூரையில் கிடக்கிற கேபிளுக்குள்ளும் ஓடுது என்று ஒரு ரியூசன் மாஸ்டரும் சொன்னதில்லை. எங்கட கல்வியில் எனக்குள்ள பெரிய கோபங்களில் ஒன்று இது. அதை இன்னொரு நாளைக்கு வைப்போம்.

உட்துறைமுகக் கட்டில் நின்று பார்த்தாலும் விளங்கும். அலை வந்து சுவரில் அடித்துத் திரும்பும்போது, சுவரோடு தண்ணி நல்லா ஏறி இறங்கும். கொஞ்சம் தள்ளி ஒரு இடத்தில் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. ஒரு தடியை நட்டு அலையின் உயரத்தை அளக்கிறவன், எந்த இடத்தில் நட்டானோ அந்த இடத்தின் கதையைத்தான் சொல்லுவான். கடல் ஒன்றுதான், தடி நிக்கிற இடம்தான் வேறு.

இனிக் கணக்கு. 7.1 மெகாஹேர்ட்ஸில் ஒரு அன்ரெனா, அதன் இம்பீடன்ஸ் 100 ஓம் என்று வையுங்கோ. முழு அலைநீள வளையக் கம்பி கட்டினால் ஏறக்குறைய அந்தளவுதான் வரும். கேபிள் வழமையான 50 ஓம் ஆர்.ஜி.58. அதற்குள் அலை ஒளியின் வேகத்தில் 66 சதவீதத்தில்தான் ஓடும். அதனால் கேபிளுக்குள் அரை அலைநீளம் 14 மீற்றர், கால் அலைநீளம் 7 மீற்றர். 14 மீற்றர் கேபிள் போட்டால் றேடியோவின் பக்கத்தில் தெரிவது அதே 100 ஓம். இன்னும் ஒரு 7 மீற்றர் சேருங்கோ: இப்ப தெரிவது 25 ஓம். அன்ரெனாவை ஒருவரும் தொடவில்லை. இரண்டு நேரத்திலும் எஸ்.டபிள்யூ.ஆர். 2 தான். அது, கேபிளில் நட்டம் இல்லை என்று வைத்தால், நீளத்தோடு மாறாது.

இரண்டு நேரத்திலும் அன்ரெனாவுக்கு உண்மையாகப் போவது 100 வாட் என்று வைப்போம். முதல் நேரத்தில் றேடியோவின் வாயில் 100 வோல்ற். இரண்டாவது நேரத்தில் 50 வோல்ற். வோல்ற்றை மட்டும் மோப்பம் பிடித்து, "எல்லாம் 50 ஓம்தான்" என்ற நம்பிக்கையில் வாட் கீறின மலிவு முள்ளு ஒன்று உங்களிட்டை இருந்தால், முதல் தரம் அது 200 வாட் காட்டும். ஏழு மீற்றர் சேர்த்த பிறகு 50 வாட் காட்டும். ஒரே 100 வாட்டுக்கு நாலு மடங்கு வித்தியாசம்! கைவைத்தியத்தின் முழு இரகசியமும் இதுதான். கேபிளைக் கூட்டிக் குறைத்தபோது அலையின் இன்னொரு இடத்தில் தடியை நட்டிருக்கிறோம், வேறொன்றும் இல்லை.

போகிறதையும் திரும்புகிறதையும் தனித்தனியாக அளக்கிற நல்ல முள்ளு இந்தத் தவறைச் செய்யாது. மேலே சொன்ன அன்ரெனாவில் அது எந்த நீளத்திலும் முன்னோக்கி 112.5, பின்னோக்கி 12.5 என்று காட்டும். கழித்தால் 100. ஆனால் இதிலும் ஒரு பகிடி இருக்கு: முன்னோக்கிய எண்ணை மட்டும் பார்த்துவிட்டு "என்ர 100 வாட் செற் 112 தருது மச்சான்" என்று பெருமைப்படுகிற ஆக்கள் உண்டு. அன்ரெனா பொருந்தாத அளவுக்கு அந்த எண் கூடும். எஸ்.டபிள்யூ.ஆர். 3 ஆகட்டும், அதே 100 வாட்டுக்கு 133 காட்டும்.

கைவைத்தியம் முழுப்பொய் என்று சொன்னால் அதுவும் சரியில்லை. இப்போதைய செற்றுகள் தங்களுக்குப் பிடிக்காத இம்பீடன்ஸைக் கண்டால் தாங்களாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும். நீளத்தை மாற்றினால் அவைக்குப் பிடிச்ச இடம் ஒன்று வரலாம். அப்ப உண்மையாகவே பவர் கூடும். செற்றுக்குள் இருக்கிற ட்யூனருக்குப் பிடிபடாத அன்ரெனாவை ஒரு துண்டுக் கேபிள் பிடிபட வைக்கிறதும் உண்மை. தெரிந்துகொண்டு செய்தால் நல்ல தந்திரம். நான் சண்டை பிடிப்பது "முள்ளு ஏறிட்டுது, அன்ரெனா சரி" என்ற முடிவோடு.

இன்னொரு விஷயம், இது கொஞ்சம் கள்ளத்தனமானது. எஸ்.டபிள்யூ.ஆரே நீளத்தோடு துள்ளித் துள்ளி மாறினால், கேபிளின் வெளிப்பின்னலின் மேல் மின்னோட்டம் ஓடுது என்று அர்த்தம். அதாவது கேபிளும் அன்ரெனாவின் ஒரு பகுதி ஆகிவிட்டது. மைக்கில் உதடு பட்டால் சுள்ளென்று கடிக்கும், அனுப்பும்போது கொம்பியூட்டர் தானாக நிற்கும். அதற்கு மருந்து வெட்டுவதும் கூட்டுவதும் இல்லை. அன்ரெனா தொடங்குகிற இடத்தில் கேபிளை ஃபெரைட் வளையத்தில் சுற்றி அந்த ஓட்டத்தை மறிக்கவேண்டும்.

இதுவரைக்கும் கேபிளில் நட்டம் இல்லை என்று பாவனை பண்ணினோம். இனித்தான் எங்கட ஊர்ப் பிரச்சினை தொடங்குது.

இரண்டு மீற்றர் பான்டில், 145 மெகாஹேர்ட்ஸ் அளவில், 30 மீற்றர் ஆர்.ஜி.58 கேபிள் ஏறக்குறைய 6 டெசிபல் தின்னும். றேடியோவிலிருந்து 50 வாட் விட்டால் மேலே போய்ச் சேருவது 12.5 வாட். மிச்சம் கேபிளைச் சூடாக்கத்தான். இப்ப ஒரு வேலை செய்வோம்: மேலே அன்ரெனாவைக் கழற்றி எறிவோம். போன 12.5 வாட்டும் அப்படியே திரும்பும். திரும்புகிற வழியிலும் அதே நட்டம். கீழே வந்து சேருவது 3 வாட் சொச்சம். முள்ளு என்ன சொல்லும்? முன்னோக்கி 50, பின்னோக்கி 3. எஸ்.டபிள்யூ.ஆர். 1.7. கடையில் விற்கிற முள்ளுகளில் சிவப்புக்கோடு தொடங்குவதற்கு முதல், பச்சைப் பக்கத்தில் வசதியாக நிற்கிற எண் அது. அன்ரெனாவே இல்லை, ஆனால் "எல்லாம் ஓகே"!

ஆர்.சி.ஏ. கம்பெனியில் செய்மதி அன்ரெனாக்களில் வேலை செய்த வோல்டர் மக்ஸ்வெல், அமெரிக்க ஹாம் சஞ்சிகையான கியூ.எஸ்.டி.யில் 1973 இல் இருந்து ஒரு தொடர் எழுதினார். எஸ்.டபிள்யூ.ஆர். குறைவு என்பது மட்டும் நல்ல அன்ரெனாவுக்குச் சாட்சி இல்லை என்று ஹாம் ஆக்களோடு மல்லுக்கட்டின தொடர் அது. ஐம்பது வருசம் தாண்டிவிட்டது. நாங்கள் இன்னும் முள்ளைத்தான் கும்பிட்டுக்கொண்டு இருக்கிறோம்.

உப்பு இந்தக் கதையை இன்னும் மோசமாக்கும். ஓர்ஸ் ஹில்லை உவர்மலை எண்டு கூப்பிடுற ஊருக்கு உப்பைப் பற்றி நான் சொல்லித் தரத் தேவையில்லை. யன்னல் கம்பியைக் கேட்டாலே சொல்லும். பி.எல்.259 கனெக்ரர் தண்ணி புகாத கனெக்ரர் இல்லை. மேலே, அன்ரெனாப் பக்கம், ரேப் ஒழுங்காகச் சுற்றாவிட்டால் ஒரே மாரியில் ஈரம் உள்ளே போகும். போன ஈரம் அங்கேயே நிற்காது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது மாதிரி, பின்னின செப்புக்கம்பிக்குள் மீற்றர் கணக்கில் இழுபட்டுப் போகும். செம்பு பச்சையாகி, பிறகு கறுக்கும். நட்டம் கூடும். நட்டம் கூடக்கூடத் திரும்பி வருகிற அலை குறையும். திரும்புகிறது குறைந்தால் முள்ளு காட்டுகிற எஸ்.டபிள்யூ.ஆர். வருசா வருசம் நல்லாகிக்கொண்டே போகும். "என்ர அன்ரெனா பழக்கப்பட்டிட்டுது" என்று சொல்கிற ஆக்களும் இருக்கினம். அது பழகவில்லை, செத்துக்கொண்டிருக்கு. அந்த நிலையில் இன்னும் பத்து மீற்றர் சேர்த்தால் முள்ளு இன்னும் சந்தோஷப்படும்.

இது ஹாம் ஆக்களின் விளையாட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. கொட்பேயில் கட்டி நிற்கிற பலநாள் படகுகளிலும் அதே பௌதிகம்தான். கடலில் ஆபத்து என்றால் கூப்பிடுகிற 16 ஆம் சனல் 156.8 மெகாஹேர்ட்ஸ். செற் தருவது கூடினது 25 வாட். படகில் கேபிள் நீளம் குறைவு என்பது உண்மை, ஆனால் அது உப்புத் தண்ணியிலேயே வாழுது. அங்கே வீல்ஹவுஸில் முள்ளை வைத்துப் பார்த்து "சரி" என்று சொல்வது, நோயாளியை வாசலில் வைத்து முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவது மாதிரி.

பெரிய நிலையங்கள் இப்படி நம்புவதில்லை. மத்திய அலை ஒலிபரப்பில் வழமையான முறை, அன்ரெனாக் கோபுரத்தின் அடியிலேயே மின்னோட்டத்தை அளந்து, அதன் வர்க்கத்தை அங்கேயுள்ள தடையால் பெருக்கிப் பவரைக் கணிப்பது. ட்ரான்ஸ்மிற்றர் அறையில் நிற்கிற முள்ளு என்ன சொன்னாலும், அன்ரெனாவின் காலடியில் என்ன ஓடுது என்பதுதான் கணக்கு. 400 கிலோவாட்காரன் செய்கிற வேலையை 50 வாட்காரன் செய்ய முடியாதா? நானோ வி.என்.ஏ. என்று உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கருவி இப்ப வருது. ஆளுக்கொன்று வாங்கத் தேவையில்லை. நாலு பேர் காசு போட்டு ஒன்று வாங்கி, கூரைக்குக் கொண்டுபோய், அன்ரெனாவின் வாயிலேயே பூட்டிப் பார்க்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் 1 கிலோஓம், 2 வாட் கார்பன் ரெசிஸ்ரர் இருபதைச் சமாந்தரமாகப் பற்றவையுங்கோ. 50 ஓம், 40 வாட் தாங்கும் போலி அன்ரெனா ஒன்று கையில். அதைக் கேபிளின் மேல் நுனியில் பூட்டி, முள்ளை முதலில் கீழேயும் பிறகு மேலேயும் வைத்து அளந்தால், கேபிள் எவ்வளவு தின்னுது என்பது நேராகவே தெரியும். வயர் சுற்றின ரெசிஸ்ரர் வாங்கக்கூடாது, அது சுருளாக வேலை செய்யும்.

காசு விஷயத்திலும் ஒரு வார்த்தை. 50 வாட் செற்றை விற்று 100 வாட் செற் வாங்க ஆசைப்படுகிற பெடியள், அதால் மற்றப் பக்கத்தில் கிடைப்பது 3 டெசிபல் என்று யோசிக்கவேணும். எஸ் மீற்றரில் அரை எஸ். அதே 3 டெசிபலை நல்ல கேபிள் போட்டு எடுக்கலாம், அதோடு கேட்கிற பக்கமும் நல்லாகும். பவரைக் கூட்டினால் காது கூடாது. டிஷ் ரீவிக்குப் போடுகிற 75 ஓம் ஆர்.ஜி.6 கேபிளை ஹாம் ஆக்கள் ஏளனமாகப் பார்ப்பார்கள். அது நியாயமில்லை. 30 மீற்றரில், இரண்டு மீற்றர் பான்டில் அது 2 டெசிபல் அளவுதான் தின்னும், ஆர்.ஜி.58 ஐ விட எவ்வளவோ மேல். 50 ஓமோடு பொருந்தாததால் வருகிற 1.5 எஸ்.டபிள்யூ.ஆர். பெரிய பாவம் ஒன்றும் இல்லை. (இங்கேதான் நீளத்தைக் கணக்குப் பார்த்து வெட்டுவதற்கு அர்த்தம் இருக்கு: அரை அலைநீளத்தின் மடங்காக வெட்டினால் அன்ரெனாவின் 50 ஓம் அப்படியே கீழே தெரியும்.) ஆனால் மலிவு ஆர்.ஜி.6 இல் வெளிப்பின்னல் அலுமினியம். ஈயம் ஒட்டாது, உப்புக்காற்றுக்கு முன் கனகாலம் நிற்காது. அதனால் கடற்கரையில் அதை ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாற்றுகிற சாமானாக நினைத்துத்தான் போடவேணும்.

புயலுக்கு இந்தக் கரை புதுசில்லை. 1964 டிசம்பரில் வந்தது, 2000 டிசம்பரில் வந்தது, 2020 டிசம்பர் 2 இரவு புரெவி நகருக்கு வடக்கே கரையேறியது. மூன்றும் மாரியில். ஆகவே ஐப்பசி பிறக்க முதல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணி வைத்துக் கூரைக்கு ஏறுங்கோ. கேபிளின் மேல் நுனியில் இருந்து அன்ரெனாவைக் கழற்றிவிடுங்கோ. கீழே வந்து, செற்றைக் குறைந்த பவரில், 5 வாட்டில் வைத்து, 7 மெகாஹேர்ட்ஸில் ஒரு நொடி மட்டும் அனுப்பிப் பாருங்கோ. 20 மீற்றர் நல்ல கேபிள் என்றால் எஸ்.டபிள்யூ.ஆர். முள்ளு கடைசிக் கோட்டில் போய் முட்டவேண்டும். முட்டாமல் 2 இலோ 3 இலோ அமைதியாக நின்றால், அந்தக் கேபிளைச் சுருட்டிப் பழைய இரும்புக்காரரிடம் குடுக்கலாம். உப்புத் தின்றது போக, செம்பு கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும்.